நெற்றிக் காசு

என் வீட்டுக்காரர் போன அன்று வீட்டில் ஒரு ரூபாய்க் காசு இல்லை. சிரிக்காதீர்கள். தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிவேப்பிலைக் கொத்துக்குக்கூட போனைக் காட்டிவிட்டு நடக்கிற காலம் இது. நெற்றியில் சந்தனம் வைத்து ஒட்டக் காசு கேட்டபோது வந்திருந்த அத்தனை பேரும் சட்டைப் பையைத் தடவினார்கள். ஒருவரிடமும் இல்லை. கடைசியில் என் கொழுந்தன் மேஜை டிராயரைத் திறந்து, தன் அண்ணன் ஆல்பத்தில் சேர்த்து வைத்திருந்த பழைய வெள்ளி ரூபாய்களில் ஒன்றை எடுத்துவிட்டார். வெறுங்கையால் தொடக்கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். அன்றைக்கும் அதற்குப் பயந்து துண்டால் பிடித்துத்தான் எடுத்தாராம். பாடையைத் தூக்குவதற்கு முன் அதே துண்டால் துடைத்து, ஆல்பத்திலேயே திரும்பச் சொருகியும் விட்டார்.

எந்தப் பையில் சொருகினார் என்று கேட்டால் தெரியாது. ஆல்பத்தில் பன்னிரண்டு காசு. பன்னிரண்டிலும் ஒரே ராஜா தலை, ஒரே பக்கம் பார்த்த முகம்.

இதெல்லாம் கொழுந்தன் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பக்கத்து அறையில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கம் போகவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சோறு போட்டவள், கடைசியாக ஒரு தடவை தொட்டுப் பார்க்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கக்கேடு, சொல்லவா முடியும்?

இரண்டு வருஷம் அந்த டிராயர் பக்கம் போகவில்லை. அடுத்த வருஷம் எனக்கு ரிட்டயர்மென்ட். மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகளின் ஃப்ளாட்டுக்குப் போகவேண்டும். அவள்தான் ஆரம்பித்தாள்.

"மா, காயின்ஸ் எல்லாத்தையும் ஒரே ஆள்கிட்ட குடுத்துடலாம். ஜல்தி முடிஞ்சிடும்."

"அதுல ஒண்ணு அப்பா நெத்தியில இருந்தது. தெரியும்ல?"

"எதுன்னு தெரியலன்னா விடேன் மா."

"விடவா? தீபாவளிக்கு இந்த ஊர்க்காரங்க பழைய ராஜா தலை வெள்ளியத் தேடி வாங்கிப் பூஜையில வப்பாங்க. செத்தவரு நெத்திக் காச எவளோ ஒருத்தி லட்சுமின்னு கும்பிடணுமா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்டி."

பாவம் என்றது பாதி உண்மை. மீதி, அந்தக் காசு எனக்கு வேண்டும். அவரைக் கடைசியாகத் தொட்டது அதுதானே, நான் இல்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், எதிர் பிளாக் இருக்கிற இடமே தெரியவில்லை. டிராயரைத் திறந்தேன். அவருடைய வெள்ளைப் பருத்திக் கையுறை மேலேயே கிடந்தது. இரண்டு வருஷமாகியும் விரல்கள் மடங்கியபடியே, எதையோ பிடித்திருப்பது மாதிரி இருந்தன. அதை என் கையில் மாட்டவே பயம். மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு காசையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். சந்தன வாசனையாவது காட்டிக் கொடுக்காதா என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். முதல் காசில் சந்தனம் மணத்தது. அப்பாடா என்று இருந்தது. இரண்டாவதிலும் மணத்தது. மூன்றாவதிலும். பன்னிரண்டிலும் மணத்தது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன், ஒன்றிலும் இல்லை.

மகள் பழைய தில்லியில் ஒரு காசு வியாபாரியிடம் கூட்டிக்கொண்டு போனாள். மொத்தமாகக் கொடுத்தால் வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் தருவேன், தரம் பார்த்து வாங்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏலத்துக்கு விட்டால் அதிகம் வரும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார். தரம் பார்ப்பது என்றால், ஒரு கம்பெனிக்கு அனுப்புவது. அவர்கள் லென்ஸ் வைத்துப் பார்த்து, பெரிதாகப் படம் எடுத்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கண்ணாடி மாதிரி டப்பாவில் சீல் வைத்துத் தருவார்கள். மார்க் யாருக்கு வேண்டும்! லென்ஸ் என்றதுமே நான் சரி சொல்லிவிட்டேன்.

காசுகள் திரும்பி வந்ததும் வியாபாரி கூப்பிட்டார். பதினொரு டப்பாவில் நம்பர் இருந்தது. ஒன்றில் இல்லை. அதைத் தனியே நகர்த்தினார்.

"மாதாஜி, இதுக்கு ஏலத்துல மதிப்பு இல்ல. யாரோ வெறுங்கையால தொட்டிருக்காங்க." அவர் ஹிந்தியில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "கைப் பிசுக்கு வெள்ளியில இறங்கிடும். அப்பத் தெரியாது. வருஷம் போகப் போகத் தானா மேல கறுத்து வரும்."

மகள் போனில் படத்தைப் பெரிதாக்கினாள். ராஜாவின் கன்னத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக. அதன் குறுக்கே ரேகையே இல்லாமல் சாய்வாக ஒரு வெள்ளைக் கீற்று.

என் வலது கட்டைவிரலில், என்றோ வாழைக்காய் நறுக்கும்போது அரிவாள்மணை இழுத்த தழும்பு இருக்கிறது. மகளும் அதைப் பார்த்தாள். விரலைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இல்லம்மா. உன்னுது இந்தப் பக்கம் சாயுது. இது அந்தப் பக்கம்."

அவள் மூச்சு விட்டாள். நான் விடுவதாக இல்லை. டப்பாவை எடுத்து, பிளாஸ்டிக்கின் மேல், ரேகைக்கு நேராக, முத்திரை குத்துவது மாதிரி விரலைக் கவிழ்த்து வைத்தேன். தழும்பு வெள்ளைக் கீற்றின் மேல் கச்சிதமாகப் படுத்துக்கொண்டது.

அங்கிருந்தே கொழுந்தனுக்குப் போன் போட்டேன். "அன்னிக்கு அவரு நெத்தியில காசு வச்சது யாரு? நீங்கதான?"

"என்ன மதினி கேக்குறீங்க? நீங்கதான வச்சீங்க! யாரும் கூப்பிடாமலே எந்திரிச்சு வந்து, துண்டுலேருந்து காச எடுத்து நீங்களே ஒட்டுனீங்க. அழுத்துன விரல எடுக்கவே மாட்டேன்னீங்க. நாலு பேரு சேந்துதான் பிரிச்சோம்."

எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இன்றைக்கு வரைக்கும் கட்டில் கால்தான் ஞாபகம் இருக்கிறது. என்னை அந்த அறையில் உட்காரவைத்துவிட்டு என் கை மட்டும் எழுந்து போயிருக்கிறதா? நினைத்தால் பயமாக இருக்கிறது. அழுகையும் வருகிறது. கடைக்காரர் முன்னாலேயே அழுதேன், அவர் பாவம், தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

பதினொன்றை ஏலத்துக்கு விடச் சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மெட்ரோவில் மகள் மெதுவாகக் கேட்டாள்.

"மா, டப்பாவ உடைச்சு எடுத்துடலாமா? நீ கையில வச்சுக்கலாம்."

"வேணாம்டி," என்றேன். "இன்னொரு தடவை தொட்டா அன்னிக்குத் தொட்டது அழிஞ்சிரும்."