கிணற்றில் விழுந்த ஜெர்மன் விமானம்

பழைய தாளின் வாடையோடு, புரட்டும் விரலில் கறுப்பு மையை ஒட்டவைக்கும் போர்ச் சித்திரக்கதைப் புத்தகங்கள் கம்பத்தில் எங்கள் தெருவுக்கு வந்துசேர்ந்த கோடை விடுமுறையில், நாங்கள் எல்லோரும் விமானிகளானோம். கதையில் ஓர் ஆங்கில விமானிக்கும், விமானத்தின் வாலில் ஓநாய் வரைந்திருந்த ஜெர்மன் விமானிக்கும் தீராத பகை. யார் யாரைச் சுட்டு வீழ்த்தினாலும் விழுந்தவன் "பாராசூட்"டில் தப்பி, அடுத்த இதழில் மறுபடி மோத வருவான். ஆங்கிலேயன் என் அண்ணன் முருகேசன். ஓநாய், பக்கத்து வீட்டுக் கமால்.

போர்க்களம் எங்கள் திராட்சைத் தோட்டம். பந்தலுக்கடியில் கைகளை விரித்தபடி ஓடுவார்கள். கழித்துப் போட்ட பிஞ்சுத் திராட்சைதான் குண்டு. அடிபட்டவன் "மோட்டார் ரூம்" ஓரமாகப் போய்க் கிணற்றுக்குள் விழ வேண்டும். குதிக்கக் கூடாது, எரியும் விமானம்போல விழ வேண்டும் என்பது விதி. அங்கேதான் பிசகியது. குதிப்பவன் தள்ளிப்போய் நடுத்தண்ணீரில் விழுவான். விமானம்போலவே சரிந்த கமால் சுவரை ஒட்டி விழுந்து, கோடையில் நீர் இறங்கி வெளியே தெரிந்த கல்படியில் தலை மோதி முங்கினான். மேலே வரவில்லை.

நாங்கள் முதலில் கைதட்டினோம். அண்ணன்தான் சட்டையோடு குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து படியில் கிடத்தினான். தண்ணீரைக் கக்கிக் கண் திறந்ததும் கமால் சொன்னான்: "ஏலே, நீ சுட்டு நான் விழுகல. இஞ்சின் கோளாறு."

"சரிடா, கோளாறுதான்" என்று அண்ணன் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான்.

அம்மா காயத்தில் காப்பித்தூளை அப்பி, இருவரையும் திட்டித் தீர்த்தார். அடுத்த ஞாயிறே அதே கிணற்றுக்குக் குளிக்க அனுப்பியும் வைத்தார். "அங்கன படிப் பக்கம் போகாம, கெழக்க நின்னு குதிங்க" என்றதோடு சரி.

ஆழ்துளைக் குழாய் போட்டபின் அந்தக் கிணற்றை மூடிவிட்டார்கள். பந்தல் இருந்த இடத்தில் வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. அம்மாவுக்கு இருந்த தைரியம் எனக்கு வாய்க்கவில்லை. போன வாரம் என் மகன் நண்பர்களோடு முல்லையாற்றில் குளிக்கப் போய்ச் சுழலில் சிக்க, யாரோ பிடித்துத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அதை அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இன்று காலை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டான். போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கே நின்று குதி என்று சொல்லும் அளவுக்கு அந்த ஆற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, நானும் வருகிறேன் என்றேன்.

"பயலுக சிரிப்பாய்ங்கம்மா."

சிரிக்கட்டும் என்று முன்னால் நடந்தேன்.