எந்தக் குவாட்டர்ஸ் பிள்ளை?

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் நாற்பது பேர் ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருந்தோம். முக்கால்வாசிப் பேர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவர்கள், நான் உட்பட. வேலை முடிந்து வந்து, மோடம் கீச்சிட்டு இணையும்வரை காத்திருந்து, எந்தக் கடையில் வாழையிலைச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று சண்டை போடுவோம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் சமுதாயத் தொண்டு. குழுவின் நிர்வாகி நான். சம்பளம் கிடையாது, மண்டைக்கனம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

குழுவில் ஓர் அண்ணன் இருந்தார். வெளிநாட்டுக் கல்லூரிகளில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி, பிள்ளைகளின் அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொள்வார். காசு வேண்டாம், நம்ம பிள்ளைகளுக்குச் செய்கிற உதவி என்பார். நாங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

ஒருநாள் துறைமுகப் பக்கத்துப் பண்டமாரானிலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். எங்கள் குழுவில் இருப்பதைச் சொல்லித்தான் அண்ணன் அவளை நம்பவைத்திருந்தாராம். வந்த அன்றே, வீட்டு முகவரியோடு எழுதினாள்: "இந்த அங்கிள்கிட்ட என் ஒரிஜினல் சர்டிபிகேட் மூணு மாசமா இருக்கு. திருப்பிக் கேட்டா காசு கேக்கிறாரு. ரெண்டு வாரத்துல எனக்கு தாதியர் இண்டர்வியூ, ஒரிஜினல் இல்லாம உள்ள விட மாட்டாங்க. நீங்க யாரும் குடுத்துடாதீங்க."

"சனிக்கிழமை அந்தச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள்" என்று அவரிடம் கேட்டிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். நாற்பது அறிவாளிகளில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்த விசாரணை ஒன்றுதான். நீ எந்தக் குவாட்டர்ஸ்? அப்பாவுக்கு ரயில்வேயில் என்ன வேலை?

அண்ணன் முந்திக்கொண்டார். மூன்றாவது வரிசை, மூலை வீடு, வாசலில் ஜாம்பு மரம், அப்பா டிக்கெட் பரிசோதகர். ஜாம்பு மரத்தைப் படித்ததும் பாதிப் பேருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே ரொட்டி விற்றவருக்கும் அந்த மரம் தெரியும், தபால்காரருக்கும் தெரியும். அவளோ, அப்பா போர்ட்டில் லோரி ஓட்டுகிறார் என்று எழுதினாள். அத்தோடு தீர்ப்பு முடிந்தது. "நல்ல மனுஷன் பேரைக் கெடுக்கணும்னே வந்திருக்கு லா" என்று ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் எழுத, பின்னாலேயே ஆமாம் ஆமாம் என்று கடிதங்கள் வரிசை கட்டின. நான் குழுவின் கண்ணியத்தைக் காப்பாற்ற அவளை நீக்கினேன். நாகரிகமாகப் பழகுவது எப்படி என்று நான்கு பத்தி உபதேசம் வேறு. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அடுத்த மாதத்துக்குள் குழுவில் ஆறு வீட்டுச் சான்றிதழ்கள் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தன. ஒன்று என் தங்கை மகளுடையது. நானே உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். பிறகு அவர் போனை எடுக்கவில்லை. எடுத்த ஒரே நாளில் காசு கேட்டார். அப்போதுதான் நாங்கள் மூன்றாவது வரிசைக்கு ஓடினோம். மூலை வீட்டில் இருந்த டிக்கெட் பரிசோதகருக்கு மூன்றுமே பெண் பிள்ளைகள் என்றார் பக்கத்து வீட்டு ஆன்டி. எங்களில் பலருடைய வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தவர் அந்த ஆன்டி. அதுவரை யாரும் போய்க் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டமாரானுக்குப் போனேன். கடிதத்தில் எழுதிய அதே முகவரியில்தான் இருந்தாள். உட்காரச் சொல்லி டீ கொண்டு வந்தாள்.

"இண்டர்வியூக்குப் போனியாம்மா?"

"போனேன் அக்கா. ஒரிஜினல் எங்கன்னு கேட்டாங்க. வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க."

எனக்கு வெட்கம் என்பதே இல்லை போலும். பெரிய சலுகை தருகிறவள் மாதிரி, "உன்னத் திரும்ப குரூப்ல சேத்துடறேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "என்னோடது போச்சுன்னு அப்பவே தெரியும் அக்கா. உங்க பிள்ளைங்களோடது போயிடக் கூடாதுன்னுதான் எழுதுனேன்" என்றாள். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டாள்: "அப்புறம் யாரும் குடுக்கல தானே?"

நான் குனிந்து டீயைக் குடித்தேன்.