என் பெயரில் ஏறிய வேலை

டீச்சர் தன் பென் டிரைவைப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றில் வைத்துக் கொண்டுவருவார். பழுப்பு நிறக் கூடு, உள்ளே சிவப்புத் துணி, மூடினால் டப்பென்று சத்தம் வரும். சனிக்கிழமை பதினொன்றரைக்கு எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்துக்கு வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, அந்தக் கூட்டை என் மேசைமேல் வைத்துத் திறப்பார். "இந்த வாரம் மூணு சார்" என்பார். மூன்று கோப்புகள் என்று அர்த்தம். ஆய்வகப் பொறுப்பாளனான நான் அவற்றைத் திறந்து சரிபார்த்து, எங்கள் மென்பொருளின் சேமிப்பகத்தில் ஏற்றுவேன். அன்றைய நாட்குறிப்பில் 'டீச்சர், மூன்று' என்று எழுதிக்கொள்வேன். ஒன்பது வருடம் இப்படியே நடந்தது.

அந்த மென்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தட்டச்சு செய்த தமிழ் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அப்படிப்பட்ட பழைய கோப்புகளை இன்றைய கணினிகள் படிக்கும் ஒருங்குறித் தமிழாக மாற்றித் தருவது எங்கள் மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அதன் அடிப்படை நிரலை முதல் வருடத்தில் நான் எழுதினேன். ஆனால் எழுத்துருவுக்கு ஓர் அட்டவணை இல்லாமல் அது ஒன்றும் செய்யாது. எந்தக் குறி எந்த எழுத்து என்று சொல்லும் அந்த அட்டவணைகள் டீச்சரின் வேலை.

அவர் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. பேகம்பூர் அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகைகளையும், பங்குக் கோயிலில் பழைய மாத இதழ்களையும் கேட்டு வாங்கி, அச்சையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். பேகம்பூர் அச்சகக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "டீச்சர் உள்ள வந்தா என் மிஷினே நடுங்குது சார். பத்திரிகையில பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னு பாக்க மாட்டேங்குறாங்க. கொம்பு எத்தன, காலு எத்தனன்னு எண்ணிக்கிட்டு உக்காந்துருக்காங்க." டீச்சரிடம் இதைச் சொன்னபோது, போன மாதம் அவர் அடித்த பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரிலேயே ஒரு கால் குறைந்திருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை என்றார்.

இப்படிப்பட்ட சேமிப்பகம், எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்பதைத் தானாகவே பதிந்து வைக்கும். ஏற்றுகிறவரின் பயனர் பெயர்தான் அதில் விழும். தொடங்கிய நாளில் டீச்சரிடம் மின்னஞ்சல் கூட இல்லை. அதனால் நான் ஏற்றினேன், என் பெயர் விழுந்தது. பிறகு அவரிடம் மின்னஞ்சலும் கைபேசியும் வந்தன. தனிக் கணக்கு ஒன்று திறக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நான் ஒதுக்கவில்லை. சனிக்கிழமை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது, ஒழுங்காக நடப்பதைக் கலைக்க எனக்குப் பிடிக்காது. ஒருமுறை கல்லூரி விழாவில், பழைய எழுத்துருக்களை மீட்டவர் என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து டீச்சர் கைதட்டினார். அதையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

ஒரு கோடையில் டீச்சர் சென்னைக்குப் போனார். தமிழ்க் கணிமைத் திட்டம் ஒன்றில் ஆள் எடுத்தார்கள், அதற்கான நேர்முகத் தேர்வு. இந்த அட்டவணைகளைத்தான் தன் வேலை என்று சொல்லியிருக்கிறார். அங்கிருந்தவர்கள் அவர் முன்பாகவே எங்கள் பதிவுப் பக்கத்தைத் திறந்தார்கள். மேலிருந்து கீழ் வரை என் பெயர். அடுத்த சனிக்கிழமை அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "குனிஞ்சு குனிஞ்சு தேடுனாங்க சார். இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்கன்னு கேட்டாங்க. நானும் சேந்து தேடுனேன்." பிறகு சிரிப்பு நின்றது. "என் பேர அதுல போட முடியுமா சார்?" என்றார். ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நாங்கள் அப்போது பயன்படுத்திய பதிவு முறையில் விழுந்த பெயரைத் திருத்த முடியாது, புதிய முறைக்கு மாறும்போது செய்துவிடலாம் என்றேன். அது உண்மைதான். சில மாதங்களில் அந்த நாளும் வந்தது. எங்கள் சேமிப்பகத்தை இலவசமாக வைத்திருந்த தளம் மூடப்போவதாக அறிவித்தது. எல்லாரும் அப்போது மாறிக்கொண்டிருந்த புதிய பதிவு முறைக்கு நாங்களும் மாற வேண்டும். சென்னையிலிருந்து எங்கள் திட்டத்துக்கு உதவிய பொறியாளர் ஒருவர் மாற்றும் வேலையை எடுத்துக்கொண்டார். அவர் என்னிடம் ஒரு பட்டியல் மட்டும் கேட்டார். எந்தப் பதிவு யாருடையது என்று எண் வாரியாக எழுதிக் கொடுத்தால், அந்தப் பெயரிலேயே புதிய இடத்துக்குப் போகும்.

நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண்ணூறுக்கு மேற்பட்ட பதிவுகள் ஐயமில்லாமல் டீச்சருடையவை. எழுபத்தொன்றில் சிக்கினேன். அந்த நாட்களில் 'இருவரும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்த வரி அவருடையது, எந்த வரி என்னுடையது என்று தெரியவில்லை. அவரிடம் கேட்கலாம் என்றால், அதற்குள் அவர் மதுரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். கர்ப்பப்பையில் கட்டி, பரவிவிட்டது என்றார்கள். நோயாளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இருந்துவிட்டேன். கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது, மென்பொருளைப் பராமரிக்கும் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். 'பழைய பதிவுகள் இருந்தபடியே போகட்டும். அரைகுறைத் திருத்தம், திருத்தமே இல்லாததைவிட மோசம்.' சேமிப்பகம் முழுதும் என் ஒரே பெயரில் இடம் மாறியது.

நான்கு நாள் கழித்து டீச்சரைப் பார்க்கப் போனேன். முடியெல்லாம் போய், தலையில் துணி கட்டியிருந்தார். மகள் கீழே காபி வாங்கப் போயிருந்தாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "பேரு வந்துருச்சா சார்?" என்பது. எழுபத்தொன்றின் சிக்கலை நான் விரிவாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சந்தேகமா இருக்குற அம்புட்டையும் உங்க பேர்லயே விட்டுருங்க சார். மிச்சத்துக்கு என் பேரப் போடுங்க. இதுக்கா இத்தன நாளு?"

இது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. எல்லாம் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே கூடாது என்றுதான் நான் யோசித்திருந்தேன். "சரி டீச்சர், அப்படியே செஞ்சிருவோம்" என்றேன். சேமிப்பகம் ஏற்கெனவே என் பெயரிலேயே இடம் மாறிவிட்டது என்று சொல்லவில்லை. செத்த நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார். இருந்தேன். அன்றைய நாட்குறிப்பில் 'மாலை 4.10, டீச்சரைப் பார்த்தேன், பேசினார்' என்று இருக்கிறது. நான் என்ன பதில் சொன்னேன் என்பது அதில் இல்லை.

திரும்பும் பேருந்திலிருந்தே சென்னைக்குப் பேசினேன். புதிய முறையில் ஒவ்வொரு பதிவும் முந்தையதோடு சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும் என்று பொறியாளர் விளக்கினார். நடுவில் ஒரு பெயரைத் தொட்டால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் மாறும், ஏற்கெனவே பிரதி எடுத்தவர்கள் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். "ஆனா நாலு நாள்தானே ஆச்சு, பண்ணிடலாம் சார். நீங்க காரணத்தச் சொல்லி எல்லாருக்கும் ஒரு மெயில் போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

காரணத்தைச் சொல்வது என்றால், ஒன்பது வருடமாக என் பெயரில் நீங்கள் பார்த்தது என் வேலை அல்ல என்று சொல்வது. சால்வை போர்த்திய கல்லூரியும் அதைப் படிக்கும். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சொல் துல்லியமாக இல்லை என்று நிறுத்திவைத்தேன். மருத்துவமனையில் பார்த்ததிலிருந்து இருபத்து மூன்றாம் நாள் டீச்சர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போனேன். கடிதம் போகவில்லை.

மூன்று வருடம் ஆகிவிட்டது. போன மாதம் டீச்சரின் மகள் வந்தாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அம்மாவின் பெயரைத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை, அந்தப் பக்கத்தில் எல்லாம் உங்கள் பெயராக இருக்கிறதே என்று கேட்டாள். கேட்ட குரலில் கோபம் இல்லை, நான் ஏதோ விளக்கம் வைத்திருப்பேன் என்ற நம்பிக்கைதான் இருந்தது. நாட்குறிப்புகளை எடுத்து அவள் முன் வைத்தேன். 'டீச்சர், மூன்று', 'டீச்சர், ஐந்து' என்று ஒவ்வொரு சனிக்கிழமையாக அவள் புரட்டிக்கொண்டே போனாள். மருத்துவமனையில் நான் சொன்ன பொய்யையும் அன்று அவளிடம் சொன்னேன்.

அன்றே கடிதத்தை அனுப்பினேன். திட்டத்தை இப்போது நடத்துபவர்கள் வேறு ஆட்கள், பெரும்பாலோர் டீச்சரைப் பார்த்ததில்லை. மரியாதையாகத்தான் பதில் எழுதினார்கள். எத்தனையோ இடங்களில் பிரதிகள் ஓடுகின்றன, இனிப் பழைய பதிவுகளைத் தொட வேண்டாம், நன்றிப் பக்கத்தில் அம்மையாரின் பெயரைச் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். சான்றாக, இடம் மாறும்போது அரைகுறைத் திருத்தத்தைப் பற்றி நான் எழுதிய வரியையே எடுத்துக் கீழே போட்டிருந்தார்கள்.

மகளிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"நன்றி சொல்றது ஒத்தாச பண்ணவங்களுக்குத்தான அங்கிள்? அம்மா வேலையில்ல செஞ்சாங்க. ஏத்திக் குடுத்து ஒத்தாச பண்ணது நீங்க. அங்க உங்க பேருல்ல வரணும்."

பிறகு அவளே, தொலைபேசியை வைத்துவிடட்டுமா என்று கேட்டு வைத்தாள். கடந்த புதன்கிழமை நன்றிப் பக்கத்தில் டீச்சரின் பெயரைச் சேர்த்தேன். இந்தப் பெயரைச் சேர்த்தவர் யார் என்று கேட்டால், சேமிப்பகம் அதற்கும் என் பெயரைத்தான் காட்டுகிறது.