சிப்பிப் பசை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் பாதியைத்தான் காதில் வாங்குவேன்; அடுத்தவரிடம் சொல்லும்போது கரைத்துக் குடித்தவன் மாதிரி அளப்பேன்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் எனக்கு மேற்பார்வை வேலை. என் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்ரீபாதம்தாங்கி. ஆண்டாள் வீதியுலா வரும்போது பல்லக்கைத் தோளில் சுமப்பவர். சர்க்கரை நோயில் அவர் உள்ளங்காலில் விழுந்த புண்ணுக்கு எங்கள் தறித்துணியைத்தான் மாதக்கணக்கில் கட்டினோம். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் துணியோடு சதையும் வந்தது. இனியும் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கடைசி முயற்சியாக, கண்ணாடி போலிருந்த ஒரு ஜெல் வில்லையை டாக்டர் அண்ணன் புண்ணில் ஒட்டினார். ஈரச் சதையிலும் கவ்விப் பிடிக்கும் என்று என்னை வெளியே அழைத்துச் சொன்னார். கடல் சிப்பி நனைந்த பாறையில் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்து, அதே மாதிரி ஆய்வகத்தில் செய்த பசை. சிப்பி ஒரு துளிகூட அதில் கிடையாது என்றும் சொன்னார். தன்னைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது, அண்ணன் நடக்கவும் கூடாது என்றார்.

ஒரு வாரத்தில் புண்ணின் ஓரம் மூடத் தொடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன மருந்துன்னு நெனைச்சீய? கடல் சிப்பிப் பசைண்ணே! பாறையவே விடாது, ஒங்க புண்ண விடுமா?" என்று அண்ணனிடம் அளந்துவிட்டேன்.

முட்டையைக்கூடத் தொடாத மனிதர்.

மறுநாள் ஆடிப்பூரத் தேர். சுமக்கத்தான் முடியாது, கும்பிடவாவது போகிறேன் என்று காலையில் குளித்தவர், அந்த வில்லையை உரித்து எறிந்திருக்கிறார். மதினி பதறியதற்கு, "கவுச்சிய ஒட்டிக்கிட்டு நாச்சியார் முன்னால எப்படி நிக்க?" என்றாராம். புதிதாகப் பிடித்திருந்த சதையும் கூடவே வந்துவிட்டது. அதன்மேல் எங்கள் தறித்துணியைச் சுற்றிக்கொண்டு ரதவீதியில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார்.

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டவர் அண்ணன். மதுரையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஏலே, அதுல நெசமாவே சிப்பி இருந்துச்சா?"

இல்லை என்றால் அந்தக் கால் வீணாகப் போனது என்று ஆகிவிடும். போக்கியவன் நான் என்றும் ஆகிவிடும். இரண்டில் எதற்குப் பயந்தேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"இருந்துச்சுண்ணே" என்றேன்.

"அப்பம் நான் செஞ்சது சரிதாம்லே" என்று சொல்லிவிட்டு, அத்தனை நாளில் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கிப்போனார்.