எறும்பரசிக்குத் தூளி

நெருப்பெரிச்சல் என்னும் ஊரில் என் மகள் வீட்டின் கீழ்த்தளத்தில் பின்னல் எந்திரங்கள் ஓடுகின்றன. மேல்தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். இரவும் பகலும் தரை அதிர்ந்துகொண்டே இருக்கும். பெயர்த்தி எறும்பு வளர்க்கத் தொடங்கும் வரையில் அவ்வதிர்வை எவரும் பொருட்படுத்தியதில்லை.

கோடை மழை பெய்த ஒரு மாலையில், விளக்கடியில் விழுந்து சிறகுதிர்த்த எறும்பரசி ஒன்றை அவள் பிடித்து வந்தாள். கண்ணாடிக் குழலின் அடியில் நீர், அதன்மேல் பஞ்சு, அப்பால் அரசி, குழலின் வாயில் மீண்டும் பஞ்சு. முட்டை பொரித்து வேலைக்கார எறும்புகள் வரும்வரை அரசிக்கு உணவே வேண்டாவாம். தொல்லையற்ற விருந்தாளி என்று எண்ணிக்கொண்டேன்.

சில நாள்களில் அரசி முட்டையிட்டது. மறுநாட்காலை முட்டைகளைக் காணோம்.

"ராணியே தின்னுட்டாங்க, அப்புச்சி. தரை ஆடுனா பயந்து தின்னுருவாங்களாமா. இப்படியே போனா தெம்பில்லாம செத்துப் போயிருவாங்க."

தாத்தாவான என்னிடம் இப்படிச் சொன்னவள், மிஷினை நிறுத்துமாறு தன் தந்தையிடம் முறையிட்டாள். மருமகன் சிரிக்காமல் கேட்டார்: "ஏங்கண்ணு, எறும்பு முட்டை போடோணும், டெலிவரிய தள்ளி வச்சுக்கோங்கன்னு பார்ட்டிகிட்டச் சொல்லட்டுமா?"

"ஆமாங்கப்பா."

அது நடவாதென்று தெரிந்ததும், விளிம்புவரை நீர் நிறைத்த தம்ளரோடு வீடெங்கும் அலைந்தாள். அடுக்களையில் வைத்தாள், முருகன் படத்தடியில் வைத்தாள், அலமாரியின் உச்சியில் வைத்தாள். எங்கும் நீர் நடுங்கியது. என் மேசைமேல் மட்டும் நடுக்கம் சற்றுக் குறைவு. விளைவு, என் புத்தகங்கள் தரைக்கு இறங்கின, குழல் மேசையேறியது. அகராதியைப் புரட்டிவிட்டு ஓசையெழ மூடலாகாது. நாற்காலியை இழுக்கலாகாது. எழுதுவதாயின் கூடத்துக்குப் போய் எழுதவேண்டும். இத்தனை அடக்குமுறைக்குப் பின்னரும் அரசி அடுத்து இட்ட முட்டைகளையும் தின்று தீர்த்தது.

பெயர்த்தி அழவில்லை. குழலையே பார்த்தபடி என் அறையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கோ பொறுமை முற்றும் அற்றுப்போயிற்று.

"பின்னே என்ன, தூளி கட்டிப் போட்டுத் தாலாட்டு, போ" என்றேன்.

போனாள். கீழே வெட்டுத்துணிக் குவியலிலிருந்து, கழுத்துப்பட்டைக்கு வைத்துத் தைக்கும் துணியில் ஒரு நீண்ட துண்டை எடுத்து வந்து, என் முகத்துக்கு நேரே இழுத்துக் காட்டினாள்.

"இது நல்லா இழுபடுமுங்க. அதிர்வெல்லாம் துணியே வாங்கிக்கும். எங்க கட்டறதுங்க?"

அறையில் இருந்தது ஒரே கொக்கி. அதில் மின்விசிறி தொங்கியது.

மகளை நம்பினேன். அவளோ, "ஒரு மாசந்தானுங்கப்பா. டேபிள் ஃபேன் வச்சுத் தர்றேன்" என்று விசிறியைக் கழற்ற ஆளை அழைத்தாள். தூளி ஏறிற்று. பெயர்த்தி முதலில் தம்ளரை அதில் வைத்தாள். நீர் அசையவில்லை. அவள் போன பின்னரும் நான் அந்நீரைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குழல் தூளியில் படுத்தது. மேசைவிசிறி வந்த அன்றே வெளியேற்றப்பட்டது. காற்றில் தூளி ஆடுமாம்.

வியர்வையில் ஊறிக் கிடந்த அந்நாள்களில், முட்டைகள் குறைந்தனவா என்று நானே எழுந்தெழுந்து பார்க்கலானேன். இவ்வளவு பட்ட பின் அவ்வரசி மறுபடி தின்றிருந்தால் அதனை நான் மன்னித்திருக்கமாட்டேன். தின்னவில்லை. முட்டைகள் புழுக்களாயின, புழுக்கள் கூடுகளாயின. ஒரு காலைப்பொழுது குழலுக்குள் வெளிறிய சிற்றெறும்பொன்று தள்ளாடி நடந்தது.

"வந்துட்டாங்க, அப்புச்சி" என்றாள், மிகத் தாழ்ந்த குரலில்.

"மகிழ்ச்சி, கண்ணு. இனி விசிறியை மாட்டலாமல்லவா?"

"இனித்தானுங்க நெறையப் பொறப்பாங்க. ராத்திரி நீங்க இருமறீங்க பாருங்க, அதை மட்டும் வெளிய போய் இருமிட்டு வாங்க."

அன்று முதல் மாடிப்படியில் நின்று இருமுகிறேன். ஓரிரவு, கீழே நூற்கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த மருமகன் அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க மாமா, உள்ள இடமில்லீங்களா?"

"இல்லை" என்றேன்.