மார்கழியில் சுற்றிய மின்விசிறி

போன மார்கழியில், சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடந்தபோது, எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். ஒன்றுக்குப் போக முடியாமல் சிரமப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதில், புராஸ்டேட் சுரப்பியில் கேன்சர் என்று தெரிந்தது. கரண்ட் வைப்பது என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சையும் கொடுத்து முடித்தார்கள். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலிக்குப் போய் ஊசி போட வேண்டும். வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது என்று எனக்கு வாய்ப்பூட்டு போட்டிருந்தார். என் வாய்க்குப் பூட்டு போட்ட முதல் ஆள் அவர்தான்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு மனுஷனுக்குத் திடீர் திடீரென்று வேர்த்தது. முகம் மிளகாய்ப்பழமாகச் சிவக்கும், பனியன் தொப்பலாக நனையும், கொஞ்ச நேரத்தில் குளிரில் நடுங்குவார். நோய் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். போதாததற்கு என் கொழுந்தன் ஒரு லேகிய டப்பாவோடு வந்து, ஊசிதான் உடம்பைக் கொதிக்க வைக்கிறது, அதை நிறுத்திவிட்டு இதைத் தின்னுங்கள் என்று ஓதிவிட்டுப் போனார்.

அடுத்த ஊசிக்குப் புறப்பட வேண்டிய காலையில் இவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. "நான் வரல. போதும்ட்டி. எப்படியும் போற உசுருதான்" என்றார். சொல்லும்போதே நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் சிவப்பு ஏறியது. உற்றுப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னட்டி இளிக்க? நான் சாகப்போறேன், ஒனக்குச் சிரிப்பா வருதா?"

"சாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு மாசாமாசம் வாரது நின்னப்ப வந்துச்சே, அந்த வெக்கைதான் ஒங்களுக்கும் வந்திருக்கு."

"பொம்பள சீக்கா எனக்கு?"

"எனக்கு வந்தப்ப அதுக்குக் கொழுப்புன்னு பேரு வச்சீக. ஒங்களுக்கு வந்தா மட்டும் சாவா? அந்த வெக்கையோடதான் வருசக்கணக்கா ஒங்களுக்குப் பொங்கிப் போட்டேன். செத்தா போயிட்டேன்? எந்திரிச்சி சட்டயப் போடுங்க."

அந்தக் காலத்தில் நான் ஃபேனைப் போட்டால் இவர் எழுந்துபோய் அணைத்துவிட்டு வருவார். அதை நினைவுபடுத்தியதும் எழுந்து சட்டையை மாட்டினார்.

டாக்டரிடம் இவர் மழுப்பப் பார்த்தார். நான் விடவில்லை, பனியன் நனைந்தது முதல் லேகியம் வரை எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஆண் உடம்பில் ஊறும் ஒரு சுரப்புதான் இந்த நோய்க்குத் தீனியாம். ஊசி அந்தத் தீனியை நிறுத்துகிறது, அதனால்தான் பெண்களுக்கு அந்த வயதில் வருவது போலவே இந்தச் சூடும் வருகிறதாம். நோய் பரவவில்லை, ரத்தப் பரிசோதனையில் நன்றாகவே குறைந்திருக்கிறது, வேர்வை ரொம்பத் தொந்தரவு செய்தால் அதற்கும் மருந்து இருக்கிறது, ஊசியை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள் என்றார். இவர் கையை நீட்டி ஊசியைப் போட்டுக்கொண்டார். கொழுந்தன் கொடுத்த டப்பாவைக் கழுவி நான் கடுகு போட்டு வைத்திருக்கிறேன்.

சில நாள் கழித்து, மாற்றுவதற்குப் பனியன் எடுத்துக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போனேன். மல்லிகை வாங்க வந்த வியாபாரி ஒருவர், "என்ன அண்ணாச்சி, இந்தக் குளிர்ல இப்படி வேர்க்கு?" என்று கேட்டார். நான் எங்கேயோ பார்ப்பது போல நின்றேன்.

இவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்குக் கேன்சர் வே. ஊசி போடுதேன், அதான் வேர்க்கு. பாக்கப்போனா பொம்பளையளுக்கு வாரதுதான், அவளுகளே தாங்குதாளுக, நான் தாங்க மாட்டனா? நீரு பூவுக்கு வெலயச் சொல்லும்."

நோய் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது; அதை உட்காரவைத்து விருந்து போட மட்டும் நாங்கள் தயாரில்லை. யாரிடமும் சொல்லாமல் நான் தனியாகப் புழுங்கிய வருஷங்கள் இந்த மனுஷனை எழுப்பி நடக்க வைத்தன என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலை நிமிர்கிறது, அன்றைக்கு அவர் அணைத்த ஃபேனின் சுவிட்சு இப்போது என் கைவசம்தான்.