திரும்பி வரும் இரண்டு மணி நேரம்

துணியை எந்த முனையிலிருந்து அளந்தாலும் நீளம் ஒன்றுதான் என்பது தையல்காரியின் கணக்கு. வேலை விஷயமாகத் தூர நகரத்துக்குப் பறந்து போய்வரும் கணவன், போக எட்டு மணி நேரம், வரப் பத்து என்று சொன்னால் அவள் எப்படி நம்புவாள்?

"எதிர்க்காத்துடி. விமானம் மெதுவாத்தான் வரும்."

"காதுல பூ சுத்தாதீங்க. நடுவுல எங்க எறங்குனீங்க?"

ஒவ்வொரு பயணத்துக்கும் இதே விசாரணை. தாங்கமாட்டாமல் அடுத்த முறை அவளையும் கூட்டிப்போனான். திரும்பும்போது அவள் பொட்டுத் தூக்கமில்லாமல் ஜன்னலோரம் காவல் இருந்தாள். விமானம் எங்கும் இறங்கவில்லை. ஆனாலும் பத்து மணி நேரம் ஆகிவிட்டது.

"இப்பவாவது நம்புறியா?"

வாசலில் நின்று பயணிகளை வழியனுப்பிய விமானியை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவரு உங்களுக்கு எத்தன நாளாப் பழக்கம்?"